ஷவர் கசிவுக்கு விற்கும் சாமான்கள்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

டைல்ஸ் ஒட்டிவிட்டால் சுவருக்குள் தண்ணீர் போகாது என்று நம்பித்தான் பலரும் ஷவர் பழுதுக்குச் சாமான் வாங்குகிறார்கள். டைல்ஸ் வழியாகத் தண்ணீர் போகாமல் இருக்கலாம். ஆனால் இடையில் இருக்கும் சிமென்ட் கிரவுட் தண்ணீரை உறிஞ்சும், மூலைகளில் விரிசல் விடும். தண்ணீரை உண்மையில் நிறுத்துவது டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் நீர்க்காப்புப் படலம்தான். அது இல்லாத சுவரில் மேலே எதைப் பூசினாலும் சில மாதங்கள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதனால் இந்த மதிப்பீட்டில் பளபளப்பான சாமான்களுக்கு மதிப்பெண் குறைவு. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகிறவற்றைத்தான் விரிவாகப் பார்த்திருக்கிறோம்.

கடைக்குப் போகும் முன்

ஒழுகுவது எது என்று தெரியாமல் வாங்கும் எதுவும் வீண். அழுத்தத்தில் இருக்கும் குழாய், கழிவுநீர் போகும் வழி, சுவர் என்று மூன்று இடங்களில் ஒன்றுதான் குற்றவாளி. சில வீடுகளில் இரண்டு சேர்ந்திருக்கும்.

முதலில் வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் கசிவு. மீட்டர் இல்லையென்றால் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துச் சில மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். இந்தச் சோதனைக்குச் சிக்காத ஒரு துண்டு உண்டு. வால்விலிருந்து ஷவர் தலை வரை ஏறும் குழாயில் ஷவரைத் திறந்தால் மட்டுமே தண்ணீர் இருக்கும். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அரை இஞ்ச் மூடி ஒன்றைத் திருகி, வால்வைத் திறந்து 15 நிமிடம் விடுங்கள். அப்போது சுவரில் ஈரம் பூத்தால் குழாய் இணைப்பில்தான் பழுது.

அடுத்து, தரை நனையாமல் ஒரு ஹோஸை நேராக வடிகாலுக்குள் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே ஒழுகினால் பழுது வடிகாலுக்கு அடியில் உள்ள பொறியில் (டிராப்) அல்லது அதன் இணைப்பில். ஒழுகவில்லையென்றால் வடிகாலை அடைத்து, தரையில் 2 அல்லது 3 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். இது தரையின் நீர்க்காப்பைச் சொல்லும். கீழ்த்தளக் கூரைப் பூச்சு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனை வேண்டாம், இடிந்து விழும். கடைசியாகத்தான் சுவர். ஷவரை ஒரு சுவரின் பக்கம் மட்டும் திருப்பிப் பத்து நிமிடம், பிறகு அடுத்த சுவர். வரிசையை மாற்றினால் எது எதனால் நனைந்தது என்று பிரிக்க முடியாது.

வால்வுக்கும் குழாய்க்குமான சாமான்கள்

ஷவரை மூடியபின் சில நிமிடம் சொட்டி நின்றுவிட்டால் அது பழுதல்ல, தலைக்குள் தங்கிய தண்ணீர். நிற்காமல் சொட்டினால் வால்வு. பழைய திருகு வால்வில் ரப்பர் வாஷரை மாற்றினால் போதும். மாற்றியும் சொட்டினால் வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பு அரித்துப் பள்ளமாகியிருக்கும். ஒற்றைக் கைப்பிடி மிக்சரில் இருப்பது செராமிக் டிஸ்க் கார்ட்ரிட்ஜ். பெரும்பாலும் 35 மி.மீ. அல்லது 40 மி.மீ. விட்டத்தில் வரும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்பவற்றை வாங்க வேண்டாம். விட்டம் ஒன்றாக இருந்தாலும் அடியில் உள்ள துளைகளின் இடமும் தண்டின் நீளமும் மாறும். பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதே நல்ல வழி. புதியதைப் போடும் முன் லைனை லேசாகத் திறந்து மணல், துருவை வெளியேற்றிவிடுங்கள். ஒரு மணல் துகள் சிக்கினாலும் செராமிக் முகம் கீறிவிடும். ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ்தான் தடவ வேண்டும். வாஸ்லீன் தடவினால் சில வகை ரப்பர் உப்பிப்போகும்.

ஷவர் கை சுவருக்குள் திருகும் பித்தளை வளைவில், அதாவது எல்போவில்தான் அதிகமான தவறு நடக்கிறது. எல்போவின் வாய் டைல்ஸ் முகத்தோடு மட்டமாக வந்து நிற்க வேண்டும். பூச்சின் கனத்தைக் கணக்கிடாமல் உள்ளே புதைத்துவிட்டு, பிறகு எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டு நீட்டுவார்கள். அப்போது சுவருக்குள் ஓர் இணைப்பு கூடிவிடுகிறது. ஷவர் கையை ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அந்த இணைப்பும் சேர்ந்து அசையும், கசியும் தண்ணீர் நேராகப் பூச்சுக்குள் இறங்கும். நிப்பிள் மலிவான சாமான், கடையில் தயாராக எடுத்துக் கொடுப்பார்கள். சுவரை எப்படியும் உடைக்கப்போகிறீர்கள் என்றால் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு எல்போவையே முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

டெஃப்லான் டேப்பில் மெல்லியது, கனமானது என இரண்டுண்டு. மெல்லியதைப் பத்துச் சுற்று வரை சுற்ற வேண்டியிருக்கும், கனமானதற்கு மூன்று நான்கு போதும். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே உரிந்து வெளியே வந்துவிடும். சிபிவிசி குழாய்க்குச் சிபிவிசி பசைதான், பிவிசி பசை அல்ல. சுவரை மூடும் முன் கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, ஒரு மணி நேரமாவது முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பசை முழுதாகக் காயும் முன் இந்தச் சோதனையைச் செய்தால் நல்ல இணைப்பும் பிய்ந்துவிடும்.

உடைக்காமலே சரிசெய்யும் திரவங்கள்

டைல்ஸ் மேல் தடவினால் கசிவு நிற்கும் என்று விற்கும் நிறமற்ற திரவங்கள் மயிரிழை விரிசலுக்குள் இறங்கி அடைக்கும். கிரவுட் மட்டும் லேசாக விரிந்து, பின்சுவர் கெட்டியாக இருந்தால் பலன் உண்டு. டைல்ஸைத் தட்டினால் டொக்கு டொக்கென்று வெற்றொலி வருகிறதென்றால் பலன் இல்லை. அங்கே பின்னால் ஏற்கெனவே இடைவெளி இருக்கிறது, தண்ணீரும் தங்கியிருக்கிறது. மேலே அடைத்தால் உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி போய்விடும், அடுத்த அறைச் சுவரில் பெயின்ட் உரியத் தொடங்கும். குழாய், வடிகால் பழுதுக்கு இவை அறவே உதவாது. கீழ்த்தளக் கூரையில் துளை போட்டுப் பாலியூரிதேன் ஏற்றும் சேவையும் அப்படித்தான். அந்தச் சொட்டு நிற்கும், தண்ணீர் வேறு பக்கம் வழி தேடிக்கொள்ளும். அவசரத்துக்கு ஒத்துக்கொள்ளலாம், பழுது தீர்ந்ததாக எண்ண வேண்டாம்.

பலகைச் சுவர்: எதைப் போட்டு மூடுவது

மரச்சட்டம் அல்லது தகரச்சட்டத்தில் பலகை அடித்த சுவரானால், ஈரம் தெரியும் எல்லைக்கு அப்பால் 30 செ.மீ. வரை, காய்ந்த பகுதி வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். காகித முகம் கொண்ட சாதாரண ஜிப்சம் பலகையில் பூஞ்சை பிடித்தால் துடைத்து மீட்க முடியாது. பூஞ்சை காகிதத்தையே தின்று வளரும். பழைய கட்டடமென்றால் பலகையிலோ பசையிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், உடைக்கும் முன் சோதித்துக்கொள்ளுங்கள். மரச்சட்டம் காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. முள் வைத்த ஈரமானி ஒன்று வாங்குங்கள், இந்தப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய சாமான் அதுதான். 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் மரம் அழுகும் நிலை. 15, 16-க்குக் கீழே இறங்கும் வரை மின்விசிறி வைத்துக் காத்திருங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் நுனி இறங்கும் மரத்தை வெட்டி மாற்றுவதுதான் வழி.

பச்சை முகம் கொண்ட ஈரந்தாங்கும் ஜிப்சம் பலகை குளியலறையின் மற்ற சுவர்களுக்கு நல்லது. ஷவருக்கு நேராக வேண்டாம். உள்ளே ஜிப்சம்தான், விளிம்பில் தண்ணீர் ஏறினால் ஊறி உதிரும்.

டியூராக் போன்ற சிமென்ட் பலகையும் ஹார்டிபேக்கர் போன்ற நார்ச்சிமென்ட் பலகையும் தண்ணீரில் ஊறினாலும் கெடாது. ஆனால் தண்ணீரை விடும். இரண்டும் வேறு வேறு குணங்கள், கடைக்காரர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இவற்றின் மேல் நீர்க்காப்புப் பூச்சு கட்டாயம். 12 மி.மீ. கனம், சட்டங்கள் 40 செ.மீ. இடைவெளி, 20 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ. சாதாரண ஜிப்சம் ஸ்க்ரூ துருப்பிடித்துவிடும், துருத்தடுப்புப் பூச்சுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சிமென்ட் பலகைகளுக்கு இடையில் 3 மி.மீ. விட்டு, காரத்தைத் தாங்கும் கண்ணாடியிழை வலைநாடா ஒட்டி, டைல் பசையால் நிரப்ப வேண்டும். ஜிப்சத்துக்கான காகித நாடா இங்கே ஆகாது. பலகையின் அடிவிளிம்பு தரைத் தட்டைத் தொடாமல் 6 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும். தொட்டால் திரிபோல் தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும். நார்ச்சிமென்ட் தாகமெடுத்தது, பசை தடவும் முன் ஈரப் பஞ்சால் துடைக்காவிட்டால் பசையின் தண்ணீரைக் குடித்துவிடும். வெட்டும்போது கீறி ஒடியுங்கள். அறைக்குள் இயந்திர ரம்பம் வைத்தால் எழும் சிலிக்கா தூசு நுரையீரலுக்கு நேரடியான கேடு.

கெர்டி-போர்டு போன்ற நுரைப் பலகைகளுக்குத்தான் எங்கள் முதலிடம். உள்ளே இருப்பது தண்ணீர் உறிஞ்சாத பாலிஸ்டைரீன் நுரை, அதனால் பலகையே நீர்க்காப்பாகிவிடுகிறது. இணைப்புகளையும் ஸ்க்ரூ தலைகளையும் மட்டும் நாடாவால் மூடினால் போதும். கத்தியால் வெட்டலாம், ஒருவரே தூக்கிப் பொருத்தலாம். ஒரு பலவீனம் உண்டு. ஸ்க்ரூவோடு வரும் அகலமான வாஷர் மேற்பரப்போடு மட்டமாக உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். டிரில் வேகத்தில் இன்னும் அரைச் சுற்று போனாலும் முகத்துணி கிழிந்து வாஷர் நுரைக்குள் புதைந்துவிடும், பிடி போய்விடும். கைப்பிடிக் கம்பி, கண்ணாடிக் கதவு வரப்போகும் இடங்களில் நுரைக்குப் பின்னால் மரக்கட்டை வைத்தே தீர வேண்டும்.

எந்தப் பலகையானாலும் ஒரு எச்சரிக்கை. பலகைக்குப் பின்னால் பாலிதீன் விரித்து, முன்னாலும் நீர்க்காப்புப் பூசினால் நடுவில் மாட்டும் ஈரம் எந்தப் பக்கமும் போக முடியாது. முன்னால் பூசுவதென்றால் பின்னால் பாலிதீன் வேண்டாம்.

செங்கல் சுவர்

இங்கே கெடுவது பூச்சு. உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். ஈரக்கோட்டுக்கு மேல் 30 செ.மீ. வரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும். ஒன்றுக்கு நான்கு சிமென்ட் மணல் கலவை, கலக்கும் தண்ணீரில் எஸ்பிஆர் லேடெக்ஸ் (பிடிப்பைக் கூட்டும் ரப்பர் பால்), 7 நாள் நனைத்தல். அவசரத்துக்கு ஜிப்சம் பூச்சு அடிப்பவரை ஷவர் பக்கமே விட வேண்டாம். குழாய்க்கு வெட்டிய காடியைத் தனியாக முதலில் நிரப்பி இறுகவிடுங்கள், ஒரே வீச்சில் நிரப்பினால் குழாயின் நீளத்துக்கும் விரிசல் விழும்.

நீர்க்காப்புப் படலம்: செலவு செய்ய வேண்டிய இடம்

இரண்டு பாகமாக வரும் பாலிமர் சிமென்ட் பூச்சு செங்கல் சுவருக்கும் சிமென்ட் பலகைக்கும் நம்பகமானது. திரவத்தில் பொடியைக் கொட்டிக் குறைந்த வேகத்தில் கலக்க வேண்டும், பொடியில் திரவத்தை ஊற்றினால் கட்டி கட்டியாகும். கலந்த பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான் பதம் இருக்கும். கெட்டியானால் தண்ணீர் விட்டு இளக்காதீர்கள், படலம் பலமிழந்துவிடும். முதல் கை நெடுக்காக, அது காய்ந்தபின் இரண்டாம் கை குறுக்காக. இரண்டும் சேர்ந்து 2 மி.மீ. வர வேண்டும். மூலைகளிலும் தரை சுவரைத் தொடும் இடத்திலும் முதல் கை ஈரமாக இருக்கும்போதே நாடாவைப் பதித்துவிடுங்கள்.

இந்தப் பூச்சை எடைபோட்டே சரிபார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. கனத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் 1.8 கிலோ ஆகும். 90 செ.மீ. அகலத்தில் மூன்று சுவர், 2.1 மீ. உயரம், கூடவே தரை என்றால் சுமார் 6.5 சதுர மீட்டர். 2 மி.மீ. கனத்துக்கு 20 கிலோவுக்குக் குறையாது. ஐந்து கிலோ வாளி ஒன்றோடு வந்து முழு ஷவரையும் முடித்துவிட்டேன் என்று சொல்பவர் வெறும் சாயம்தான் அடித்திருக்கிறார்.

ரெட்கார்டு போன்று கலக்காமல் நேரே பூசும் திரவங்கள் கைக்கு எளிது. ஈரத்தில் இளஞ்சிவப்பு, காய்ந்தால் சிவப்பு. நிறம் முழுதாக மாறும் முன் அடுத்த கை போடாதீர்கள். இவை காயும்போது மெலிகின்றன. ஈரத்தில் போதுமாகத் தெரிவது காய்ந்தால் போதாது, ஆகவே கனம் அளக்கும் சீப்பு ஒன்றை வாங்கிப் பூசப் பூசக் குத்திப் பாருங்கள். காய்ந்ததும் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் ஊசித்துளைகள் தெரியும். சிமென்ட் வகைக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேற்றுமை: சிமென்ட் பூச்சுக்குச் சுவர் ஈரப்பதமாக, ஆனால் நீர் நிற்காமல் இருக்க வேண்டும். இதற்குச் சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டும் உரிந்து வரும்.

கெர்டி விரிப்பு 0.2 மி.மீ. கனமுள்ள ஆரஞ்சு நிறப் பாலிதீன், இரு முகத்திலும் நார்த்துணி. கனம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுவதால் பூசுபவரின் கையை நம்ப வேண்டியதில்லை, காயக் காத்திருக்கவும் வேண்டாம். பல்கரணையால் பசை தடவி ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒட்டிய உடனே ஒரு முனையை உரித்துப் பாருங்கள். துணி முழுதும் பசையில் நனைந்திருக்க வேண்டும், வெள்ளைத் திட்டுகள் இருந்தால் பசை காய்ந்துவிட்டது. ஓரங்கள் 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். மூலையில் மூன்று அடுக்கு சேர்ந்தால் டைல்ஸ் மட்டம் தூக்கும், பெரிய டைல்ஸ் ஒட்டுவோருக்கு அது தொல்லை.

எதைத் தேர்ந்தாலும் குழாய் வெளிவரும் துளைகளுக்கு ரப்பர் கழுத்துப்பட்டை போடுங்கள். படலம் ஷவர் தலையின் உயரத்தைத் தாண்ட வேண்டும். தரையின் வாட்டம் மீட்டருக்கு 2 செ.மீ. சோப்பு மாடத்தின் அடித்தட்டுக்கும் சிறிது வாட்டம் வேண்டும்.

பசை, கிரவுட், சிலிக்கான்

டைல் பசைப் பையில் ஐஎஸ்ஓ 13007 தரக்குறி இருக்கும். சுவருக்கு சி2 டிஇ பாருங்கள்: கூடுதல் பிடிப்பு, வழுகாமை, நீண்ட நேரம் பதம். பலகைச் சுவர் அசையும் என்பதால் எஸ்1 (வளைந்துகொடுக்கும் வகை) சேர்ந்தது நல்லது. வாளியில் கலந்தே வரும் மாஸ்டிக் பசை ஈரம் பட்டால் மறுபடி இளகும், ஷவருக்கு வேண்டாம். நான்கு மூலையில் உருண்டை வைத்து ஒட்டுவதும் கூடாது, பின்னால் தண்ணீர் தங்க அறை கட்டிக் கொடுத்ததாகும். நனையும் சுவரில் டைல்ஸ் முதுகின் 95 விழுக்காடு பசையில் இருக்க வேண்டும். அவ்வப்போது ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள்.

எபாக்சி கிரவுட் உறிஞ்சாது, கறை பிடிக்காது, காசுக்குத் தகும். ஆனால் அது நீர்க்காப்புக்கு மாற்றல்ல. பொட்டலத்தைப் பாதியாகக் கண்ணளவில் பிரித்துக் கலந்தால் இறுகாமல் ஒட்டிக்கொண்டே கிடக்கும். வெயில் காலத்தில் சிறு சிறு பகுதியாகப் போட்டு உடனுக்குடன் துடைத்துவிடுங்கள். முகத்தில் காய்ந்த படிவை மறுநாள் எடுப்பது பெரும்பாடு.

சுவர் சுவரைச் சந்திக்கும் மூலையிலும் சுவர் தரையைத் தொடும் இடத்திலும் கிரவுட் போடக் கூடாது, சிலிக்கான்தான். வினிகர் வாசனை வருவது உலோகத்தை அரிக்கும், மார்பிளைக் கெடுக்கும். அங்கே நியூட்ரல் வகை. பழைய சிலிக்கான் ஒரு பூச்சளவு மீந்திருந்தாலும் புதியது அதன்மேல் ஒட்டாது. பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். நாளொன்றுக்கு இரண்டு மூன்று மி.மீ. ஆழம்தான் இறுகும். கண்ணாடிக் கதவுச் சட்டத்துக்கு வெளிப்பக்கம் மட்டும் போடுங்கள். உள்பக்கமும் அடைத்தால் சட்டத்துக்குள் புகுந்த தண்ணீருக்குத் திரும்பி வர வழியில்லை.

ஆள் வைத்துச் செய்தால்

வந்ததும் டைல்ஸைத் தட்டிப் பார்த்து விலை சொல்பவரைவிட, வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிறுத்தச் சொல்பவர் மேல். எந்தப் படலம், எத்தனை கிலோ, எத்தனை கை என்று கேளுங்கள். பதில் எண்ணில் வரவேண்டும். உத்தரவாதத் தாளில் பூச்சுச் சாமானுக்கு மட்டும்தானா, மறுபடி உடைத்து டைல்ஸ் ஒட்டும் கூலிக்கும் சேர்த்தா என்று பாருங்கள். பெரும்பாலான சண்டைகள் அங்கேதான் வருகின்றன. மூடும் முன் குழாய்கள் போகும் இடத்தை அளவுநாடா வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள், பின்னாளில் துளை போடும்போது உதவும். நீர்க்காப்பு முடிந்து டைல்ஸ் ஒட்டும் முன் ஒருமுறை, எல்லாம் முடிந்தபின் ஒருமுறை என 24 மணி நேர நீர்ச் சோதனை இரண்டு தடவை நடக்க வேண்டும். முதல் சோதனை தேறாமல் டைல்ஸ் பெட்டியைப் பிரிக்கவே விடாதீர்கள். இரண்டாவது தேறிய பிறகே கடைசித் தவணை என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.